சுவரில் ஓர் இடம் கேட்டு: பிரிட்டனின் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பும் மதிப்பும் மிக்க செயற்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் மார்கழி பிறக்கும்போது எனக்கு ஒரு வாட்ஸாப் செய்தி வந்துவிடும். “அக்கா, பொங்கல் விழாவுக்கு இந்த வருஷமும் வாசல்ல பெரிய கோலம் ஒண்ணு போட்டுக் குடுத்துடுங்க.” பதினொரு ஆண்டுகளாக நானும் போகிறேன். வாடகைக்கு எடுத்த பள்ளி மண்டபத்தின் தரையில் மாவு சிந்தக்கூடாது என்பதால் நான்கு பிளைவுட் பலகைகளுக்குச் செங்காவி வண்ணம் அடித்துச் சேர்த்து வைத்திருப்பீர்கள். காலை ஆறு மணிக்குக் குந்தி உட்கார்ந்தால், குத்துவிளக்கு ஏற்றும் நேரத்துக்குள் முடித்துவிடுவேன். பிள்ளைகள் பட்டுப்பாவாடையோடு அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் பலகைகளைத் துடைத்து அடுக்கிவிடுவோம். அதில் எனக்கு வருத்தமே இல்லை. மாலைக்குள் அழிந்துவிடும் என்று தெரிந்துதான் எல்லாரும் கோலம் போடுகிறோம்.

போன முறை அந்தச் செய்திக்குப் பதில் எழுதும்போது நானும் ஒன்று கேட்டேன். மண்டபத்தின் இடது பக்கச் சுவர் நீளமாகக் காலியாக இருக்கிறதே, அங்கே என் ஓவியங்கள் மூன்றை ஒருநாள் மட்டும் வைக்கலாமா என்று. பதில் அன்பாகத்தான் வந்தது. “அந்தச் சுவர் ஸ்பான்சர் பேனருக்கு வேணும்க்கா. அப்புறம், நம்ம ஜனங்களுக்கு மாடர்ன் ஆர்ட் எல்லாம் புரியாது. கோலம்னா சரி.”

எந்தச் சங்கம், யார் என்று நான் சொல்லப் போவதில்லை. வேலை முடிந்து வந்து, சொந்தக் காரில் நாற்காலி ஏற்றி, விடுமுறை நாளைச் செலவழித்து விழா நடத்துகிற ஒருவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் இதே பதிலை வேறு வேறு ஊர்களில், வேறு வேறு சொற்களில் கேட்டிருக்கிறேன். அதனால்தான் உங்கள் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

என்னைக் கோலம் போடுகிறவராகத்தான் உங்களில் பலருக்குத் தெரியும். நான் ஓவியர். கும்பகோணத்தில் ஓவியம் படித்தேன். 1999ல் திருமணமாகி லண்டன் வந்தேன். பகலில் அலுவலக வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் சேர்ந்து மறுபடியும் படித்தேன். மற்ற ஐந்து பேரோடு வாடகையைப் பகிர்ந்துகொள்கிற ஒரு பழைய கிடங்கில் எனக்கு ஒரு மூலை இருக்கிறது. அங்கேதான் வரைகிறேன்.

நான் செய்வதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். உங்களில் யாரும் இதுவரை கேட்டதில்லை. கான்வாஸை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டியதும், கடையில் கிடைக்கும் வெள்ளைப் பூச்சை நேரே பூசுவதில்லை. தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பலகை தயார் செய்கிற முறையில் சுண்ணப்பொடியைப் பசையில் குழைத்து, ஒரு கை பூசி, காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, அடுத்த கை பூசுவேன். ஏழெட்டுக் கை போன பிறகு அது துணி மாதிரி இருக்காது. மழை பெய்து காய்ந்த திண்ணை மாதிரி இருக்கும். அதன் மேல் செம்மண் நிறம். அது ஈரமாக இருக்கும்போதே, வாசல் தெளித்த ஈரம் தெரிவதற்காக, கையாலேயே நீர் தெளிப்பேன். அப்புறம்தான் புள்ளி.

புள்ளி வைப்பதுதான் எனக்கு அதிக நேரம் பிடிக்கிற வேலை. தரையில் குனிந்து வைக்கும்போது கையும் கண்ணும் தானாகக் கணக்குப் போட்டுக்கொள்ளும். ஆறடி உயரக் கான்வாஸ் முன்னால் நிற்கும்போது உடம்புக்கு அந்தக் கணக்கு மறந்துவிடுகிறது. அதனால் பெரிய ஓவியங்களைத் தரையில் கிடத்தி, குறுக்கே பலகை போட்டு அதில் உட்கார்ந்துதான் புள்ளி வைக்கிறேன். கோடுகளை இழுப்பது மட்டும் நிமிர்த்தி வைத்த பிறகு. கோடு எங்கே சுற்ற வேண்டும், எங்கே சுற்றாமல் போய்விட வேண்டும் என்பதில்தான் ஒவ்வொரு ஓவியமும் வேறாகிறது. சிக்குக் கோலத்தில் கோடு ஒவ்வொரு புள்ளியையும் வளைத்துக்கொண்டு தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். என் ஓவியங்களில் சில கோடுகள் வந்து சேர்வதில்லை. சட்டத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே போய்விடுகின்றன. சில கோடுகள் அடுத்த ஓவியத்தில் தொடரும். ஊரைவிட்டு வந்த ஒருத்திக்கு வளையம் எப்போதும் முழுதாக மூடுவதில்லை. அதை நான் வாயால் சொன்னால் சாதாரணமாகத் தெரிகிறது. கோட்டில் காட்டும்போதுதான் எனக்கே அது உண்மையாகப் படுகிறது.

ஒரே ஓர் ஓவியத்தைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் பெயர் “15–8”. கோலம் போடுகிறவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம்: நடுவில் 15 புள்ளி, இருபுறமும் இடுக்குப்புள்ளியாகக் குறைத்துக்கொண்டே வந்து 8ல் நிறுத்த வேண்டும்.

2002 மார்கழியில் என் அம்மா இறந்தார். விடியற்காலையில் வாசல் தெளித்து, 15–8 புள்ளி வைத்து முடித்துவிட்டு, மூச்சு வாங்குகிறது என்று திண்ணையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. லண்டனில் அப்போது நள்ளிரவு நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் போன் செய்தார். விசா நீட்டிப்புக்காக என் பாஸ்போர்ட் ஓர் அலுவலகத்தில் கிடந்தது. என்னால் போக முடியவில்லை. போனில் அண்ணன் என்னென்னவோ சொன்னார், ஒன்று மட்டும் மனதில் நின்றது: “வாசல்ல புள்ளி அப்படியே இருக்கு. யாருக்கும் மிதிக்க மனசு வரல, சுத்திச் சுத்தி வர்றாங்க.” சாயங்காலத்துக்குள் கூட்டம் கூடி அதுவும் அழிந்துபோயிருக்கும்.

அந்த வாசலை வரைய எனக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. ஈரச் செம்மண் தரை, 15–8 புள்ளிகள், ஒரு கோடுகூடக் கிடையாது. வலது ஓரத்தில் மட்டும் திண்ணையின் நிழல் ஒரு பட்டையாக விழுந்திருக்கும். அவ்வளவுதான்.

அதைப் பார்த்த கலைக்கூடத்துக்காரர் ஒருவர், மிகவும் நல்ல மனிதர், எண்களின் ஒழுங்கைப் பற்றியும் குறைவாக வரைவதன் அழகைப் பற்றியும் நெடுநேரம் பேசினார். நம் சங்கத்தைச் சேர்ந்த தோழி ஒருவர், “ஏன், முடிக்க நேரம் இல்லையா?” என்று கேட்டார். இரண்டு பேரையும் நான் தவறு சொல்லமாட்டேன். படத்துக்குப் பக்கத்தில் விளக்கம் எதுவும் எழுதி ஒட்டியிருக்கவில்லை.

அப்புறம் ஒரு சனிக்கிழமை. எங்கள் கிடங்கில் ஆண்டுக்கு ஒருமுறை கதவைத் திறந்து வைத்து யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்போம். மகன் வீட்டுக்கு ஆறு மாத விசாவில் வந்திருந்த கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பாட்டி ஒருவர், மருமகளோடு வந்தார். கடைத்தெருவுக்குப் போகிற வழியில் மழைக்கு ஒதுங்கியவர்கள். மருமகள் போனில் பேசிக்கொண்டிருந்தார். பாட்டி ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்து “15–8” முன்னால் நின்றுவிட்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: “வாசத் தெளிச்சிருக்குது, புள்ளி வெச்சிருக்குது, இழுக்காம கெடக்குதே கண்ணு... ஊட்ல ஆரு?”

நான் “அம்மா” என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு மேல் எங்கள் இருவருக்கும் பேச்சு வரவில்லை.

நிர்வாகிகளே, நான் இந்த மடலில் சொல்ல வந்தது இதைத்தான். நம் ஜனங்களுக்குப் புரியாது என்கிறீர்கள். இந்த நாட்டில் இந்த ஓவியத்தை எழுத்துக்கூட்டாமல் படிக்கத் தெரிந்தவர்கள் உங்கள் மண்டபத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓவிய விமர்சகர் ஒருவருக்கு நான் பத்துப் பக்கம் விளக்கி எழுத வேண்டியதை, பள்ளிப் படிப்பே இல்லாத ஒரு பாட்டி ஒரு நிமிடத்தில் படித்தார். அவர் மழைக்கு ஒதுங்கினதால் அது நடந்தது. மழை பெய்யாமல் இருந்திருந்தால் என் ஓவியமும் அவரும் சந்தித்தே இருக்கமாட்டார்கள். அதை அப்படி மழையின் கையில் விட்டுவைக்க வேண்டியதில்லை என்பதுதான் என் கோரிக்கை.

இந்த ஊர்க் கலைக்கூடங்களின் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். “அவர்கள் உங்களை நன்றாகத்தானே நடத்துகிறார்கள்” என்று உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். அழைப்புகள் வருகின்றன. தீபாவளிக்கு முன்னால் நிறைய வருகின்றன. ஆனால் அவை கண்காட்சிப் பிரிவிலிருந்து வருவதில்லை. சிறுவர் பயிற்சி நடத்தும் பிரிவிலிருந்து வருகின்றன. நுழைவுக் கூடத்தில் ரங்கோலி போட்டுக் காட்டுங்கள், பிள்ளைகளுக்கு வண்ணப்பொடி கொடுங்கள், சேலை கட்டி வந்தால் நன்றாக இருக்கும். நான் பிள்ளைகளை விரும்புகிறவள், அந்த வேலையைச் சந்தோஷமாகத்தான் செய்வேன். ஆனால் மாடியில் சுவர்களில் தொங்கும் ஓவியங்களுக்கும் எனக்கும் நடுவே ஒரு படிக்கட்டு இருக்கிறது. அதில் ஏறி வரும்படி இன்னும் யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

இது புதிதும் இல்லை. 1886ல் லண்டன் சவுத் கென்சிங்டனில் பேரரசின் குடியேற்ற நாடுகளுக்கும் இந்தியாவுக்கும் என்று ஒரு மாபெரும் பொருட்காட்சி நடந்தது. அங்கே ஒரு முற்றம் கட்டி, நெசவும் மண்பாண்டமும் கம்பளமும் செய்யும் கைவினைஞர்களை உட்கார வைத்து, மக்கள் பார்த்துப் போகும்படி வேலை செய்யச் சொன்னார்கள். அவர்களில் பலர் ஆக்ரா சிறையில் தொழில் கற்றவர்கள். செய்த பொருளைவிட, செய்கிற பழுப்பு நிறக் கையே காட்சிப் பொருளாக இருந்தது. நுழைவுக் கூடத்தில் மாவுக் கிண்ணத்தோடு உட்காரும்போதெல்லாம் எனக்கு அவர்கள் ஞாபகம் வருகிறது. இன்றைய அழைப்பில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஞாபகம் வருகிறது.

கலைக்கூடத்தில் என் ஓவியத்தைத் திருப்பி அனுப்பும்போது அடிக்கடி சொல்லப்படுகிற ஒரு சொல் உண்டு: அலங்காரமாக இருக்கிறது. அழகாக இருக்கிறது, ஆனால் அலங்காரம். இந்த “ஆனால்” ஐரோப்பாவில் நூறு வருடத்துக்கும் மேலாகப் புழங்குகிறது. வியன்னாவில் அடால்ஃப் லோஸ் என்ற கட்டடக் கலைஞர் பொருள்களை அலங்கரிப்பதையே குற்றமாகவும் நாகரிகம் வளராததன் அடையாளமாகவும் பேசினார். நியூ கினித் தீவில் பச்சை குத்திக்கொள்ளும் பாப்புவா மக்களை அதற்கு உதாரணமாகக் காட்டினார். அந்தச் சிந்தனைதான் வெள்ளைச் சுவராகவும் வெறும் கண்ணாடியாகவும் உலகமெல்லாம் பரவியது. 1970களில் அமெரிக்காவில் ஜாய்ஸ் கோஸ்லாஃப், மிரியம் ஷபிரோ, வேலரி ஜோடன் போன்ற ஓவியர்கள் அதை எதிர்த்துப் பூவேலையையும் தையலையும் சுவர் ஓடுகளின் வடிவங்களையும் கான்வாஸில் வேண்டுமென்றே கொண்டுவந்தார்கள். பெண்களின் கைவேலை, கிழக்கு நாடுகளின் கைவேலை என்று ஒதுக்கப்பட்டவைதான் இப்படி அலங்காரம் என்று பெயர் வாங்கின என்பதை எழுதியும் காட்டினார்கள்.

ஆனால் என்னை வருத்துவது வியன்னா இல்லை. அதே சொல்லை நீங்களும் அதே பொருளில் சொல்வதுதான். “மேடை அலங்காரத்துக்கு அக்கா இருக்காங்க.” தமிழில் அந்தச் சொல்லுக்கு இவ்வளவு சின்னப் பொருள் எப்போது வந்தது? நம் இலக்கணம் ஐந்து. எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி. அணியை இலக்கணத்தின் உறுப்பாக வைத்த மொழி இது. செய்யுளை எழுதி முடித்துவிட்டுக் கடைசியில் மேலே ஒட்டும் ஜிகினா என்று அணியை நம் முன்னோர் நினைக்கவில்லை.

கொழும்பில் 1877ல் தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்த கலை ஆய்வாளர் ஆனந்த குமாரசுவாமியை உங்கள் விழா மலர்களில் படத்தோடு போட்டுப் பெருமைப்படுகிறீர்கள். அவரும் கடல் கடந்து போனவர்தான். 1917லிருந்து அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றினார். 1939ல் அணி செய்தலைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில் அலங்காரம் என்ற சொல்லின் வேரைத் தோண்டிக் காட்டுகிறார். வடமொழியில் அலம் என்றால் போதும், நிறைவு. ஒரு பொருளை அதன் வேலைக்குப் போதுமானதாக, நிறைவானதாக ஆக்குவதுதான் அலங்காரம். தேவைக்கு மேல் ஏற்றுவது என்ற பொருள் பிற்பாடு வந்தது. இதைப் படித்த நாளில் எனக்கு அம்மாவின் வாசல்தான் நினைவுக்கு வந்தது. கோலம் போடாத வாசலை யாரும் “அழகில்லை” என்று சொல்லமாட்டார்கள். “என்னாச்சு அந்த வீட்டுக்கு?” என்றுதான் கேட்பார்கள்.

அடுத்து, மரபு. போன ஆண்டு பெரியவர் ஒருவர், என் ஓவியத்தின் படத்தைப் போனில் பார்த்துவிட்டு, “கோலத்தை இப்படிப் பிய்த்துப் போடலாமா, இது நம் மரபைக் கெடுப்பது இல்லையா” என்று வருத்தப்பட்டார். அவர் வருத்தத்தை நான் மதிக்கிறேன். அவருக்கு ஒரு பதில் கடன்பட்டிருக்கிறேன்.

லண்டனில் இருக்கிறவர்கள் ஒருநாள் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த சாயத்துணிகள் அந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. பருத்தித் துணியைக் கடுக்காயிலும் எருமைப் பாலிலும் ஊறவைத்து, துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் புளிக்கவைத்த கறுப்பால் கோடு வரைந்து, படிகாரம் தடவிய இடத்தில் மட்டும் சாயவேர்ச் சிவப்புப் பிடிக்கச் செய்து, நீலம் ஏறக்கூடாத இடத்துக்கு மெழுகு பூசிச் செய்தவை. மூங்கில் குச்சி முனையில் துணியைச் சுற்றினால் அதுதான் பேனா. 17ஆம் நூற்றாண்டில் அந்தத் துணிகளுக்கு இங்கே பெரும் கிராக்கி. வாங்குகிறவர்கள் அடர்சிவப்புத் தரை வேண்டாம், வெள்ளைத் தரையில் பூங்கொடி வேண்டும் என்று கேட்டு மாதிரிகளை அனுப்பினார்கள். நம் கரைக்காரர்கள் அதைப் பார்த்து வரைந்தார்கள். ஆனால் பார்த்தபடியே வரையவில்லை. ஐரோப்பியப் பூவும், சீனப் பாறையும், நம் ஊர்க் கொடியும் ஒரே மரத்தில் காய்த்தன. அந்த மரம் எந்த ஊர் மரபு? தன் நாட்டு நெசவாளர்கள் பிழைப்புப் போகிறதென்று கொதித்ததால் பிரான்ஸ் 1686லேயே இந்தத் துணிகளைத் தடைசெய்தது. இங்கிலாந்து 1700லும் 1721லும் சட்டம் போட்டது. அப்படிப்பட்ட துணி கலப்பில் பிறந்தது. அதைச் செய்த கைகள், அடுத்த ஊர் மாதிரியைப் பார்த்ததும் தங்கள் குச்சியைக் கீழே போட்டுவிடவில்லை. நான் அந்தக் கைகளின் வழியில் வந்தவள் என்றுதான் என்னை நினைத்துக்கொள்கிறேன்.

மாங்காயையும் பாருங்கள். பட்டுப் புடவைக் கரையில் நாம் மாங்காய் என்று சொல்லும் அந்த வடிவத்துக்கு உலகம் முழுக்க பெய்ஸ்லி என்று பெயர். காஷ்மீர்ச் சால்வையைப் பார்த்து அதை நெய்து குவித்த ஸ்காட்லாந்து ஊரின் பெயர் அது. வடிவங்கள் பயணம் போகும். நாம் வரையாமல் பெட்டியில் பூட்டிவைத்தாலும், வேறு யாராவது வரைந்து அவர்கள் பெயரை வைத்துவிடுவார்கள்.

கோலம் மாறாமல் இருந்ததே இல்லை. தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1970களில் கோலத்தைக் கணினி அறிவியலின் கண்ணால் ஆராய்ந்தார்கள். ஒரு சின்னக் கோலம் எந்த விதிகளால் பெரிதாக வளர்கிறது என்பதை, மொழிக்கு இலக்கணம் எழுதுகிற மாதிரி எழுதினார்கள். 1974ல் அந்தக் கட்டுரை வெளிவந்தது. பிறகு, பெண்கள் சிக்குக் கோலத்தை எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தபோது, அது கையின் நகர்வுகளின் வரிசை என்று கண்டார்கள்: நேரே போ, வலம் திரும்பு, இடம் திரும்பு, வளைந்து சுற்றி வா. விதி தெரிந்தவர் புதுக்கோலம் போடலாம். இலக்கணம் தெரிந்தவர் புதுப்பாட்டு எழுதுகிற மாதிரிதான். பாட்டி போட்டதையே போட வேண்டும் என்று எந்தப் பாட்டியும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. என் பாட்டி, பக்கத்து வீட்டுக் கோலத்தைவிட ஒரு சுற்றுக் கூட வேண்டும் என்றுதான் சொல்வார்.

இந்தப் பாதையில் முதலில் நடந்தவள் நான் இல்லை. சென்னையில் கே.சி.எஸ். பணிக்கர் ஜாதகக் கட்டங்களையும், படிக்க முடியாத எழுத்து வரிசைகளையும், கணக்குக் குறிகளையும் கான்வாஸில் நிரப்பினார். அவரும் அவருடைய மாணவர்களும் 1966ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியபோது, கைவினைப் பொருள்களும், மெழுகு பூசிச் சாயமேற்றும் பத்திக் துணிகளும் செய்து விற்ற வருமானம்தான் அவர்களைத் தாங்கியது. அங்கிருந்தவர்களில் ஒருவரான விசுவநாதன் 1968ல் பாரிஸ் போய்த் தங்கினார். கேரளத்துச் சடங்குகளில் தரையில் வரையும் களத்தின் வடிவங்கள் அவர் ஓவியங்களில் முக்கோணமாகவும் சதுரமாகவும் நிற்கின்றன. குஜராத்திலிருந்து 1962ல் அமெரிக்கா போன நட்வர் பாவ்சார், கான்வாஸைத் தரையில் விரித்து உலர்ந்த நிறமித்தூளைச் சலித்துச் சலித்து அடுக்கடுக்காகத் தூவி வரைந்தார். சிறு வயதில் பார்த்த ரங்கோலி அதற்குள் இருக்கிறது. அதில் ஒரு பூவோ மயிலோ இருக்காது, நிறம் மட்டும்தான் இருக்கும். இங்கேயே லிவர்பூல் பக்கம் பஞ்சாபிக் குடும்பத்தில் பிறந்த சிலா குமாரி பர்மன், 2020 நவம்பரில் லண்டன் டேட் பிரிட்டன் கலைக்கூடக் கட்டடத்தின் முகப்பு முழுவதையும் வண்ண விளக்குகளால் மூடினார். ஊரடங்கில் உள்ளே போக முடியாத அந்த நாள்களில், மக்கள் வெளியே தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். நான் அந்தக் குளிரில் இரண்டு முறை போய் நின்றேன்.

இந்தப் பெயர்களில் எத்தனை உங்கள் மேடைகளில் ஒலித்திருக்கிறது? நடிகர்களின் பெயரும் பாடகர்களின் பெயரும் கூடாது என்று நான் சொல்லவில்லை. எனக்கும் பாட்டு வேண்டும். ஆனால் நம் பிள்ளைகளில் வரைகிற கை உள்ள பிள்ளை ஒன்று, “பெரியவளானதும் ஓவியராகப் போகிறேன்” என்று வீட்டில் சொல்லும்போது காட்டுவதற்கு ஒரு முகமாவது வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெண் இருக்கிறாள், உங்கள் தமிழ்ப் பள்ளியில் படித்தவள்தான். இப்போது கலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அவள் அம்மா இன்னும் உறவினர்களிடம் “டிசைனிங் படிக்கிறா” என்றுதான் சொல்கிறார்.

பணம் இல்லை என்பீர்கள். எனக்கு விமான டிக்கெட் வேண்டாம், ஹோட்டல் அறை வேண்டாம். ஒரு சுவர் போதும், ஒருநாள் போதும். ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: தவில் வாசிக்க வருகிறவருக்கும் ஒலிபெருக்கி வைக்கிறவருக்கும் முன்பணம் கொடுத்துப் பேசுகிறீர்கள். கோலத்துக்கு மட்டும் “அக்கா அன்பா செஞ்சு குடுப்பாங்க.” நான் தொடர்ந்து அன்பாகத்தான் செய்யப் போகிறேன். எனக்குப் பிறகு வருகிற அந்தக் கல்லூரிப் பெண்ணை அப்படிக் கேட்காதீர்கள். அவள் வாடகை கட்ட வேண்டும்.

விழா மலருக்கு அட்டைப்படம் வேண்டுமென்றால் இணையத்தில் தேடி எடுக்கிறீர்கள். பொங்கல் பானை, இரண்டு கரும்பு, ஒரு சூரியன், பல ஆண்டுகளாக அதுவேதான். பிரிட்டனில் வரைந்துகொண்டிருக்கும் தமிழர் ஒருவரிடம் கேளுங்கள். ஒரு முறை கேட்டுப் பாருங்கள், என்ன வருகிறதென்று. பிள்ளைகளுக்கான ஓவியப் போட்டியில் அச்சடித்த மயிலுக்கு வண்ணம் தீட்டச் சொல்வதற்குப் பதிலாக, புள்ளிகளை மட்டும் வைத்துக் கொடுத்து அவர்களையே இழுக்கச் சொல்லுங்கள். எந்தப் பிள்ளைக்கும் தவறாக வராது. வழக்கத்தில் வராத கோடு எப்படி வந்தது என்று கேட்டால் அதற்குள் ஒரு கதை இருக்கும்.

இன்னொன்று, இதுதான் எனக்கு மிகவும் முக்கியம். ஜனவரியில் தமிழ் மரபுத் திங்கள் கொண்டாடும்போது உள்ளூர் அருங்காட்சியகங்களும் கவுன்சில்களும் உங்களைக் கூப்பிட்டு, தமிழ்ச் சமூகத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். நடனமும் உணவுக் கடையும் என்று பதில் சொல்லி வருகிறீர்கள். அடுத்த முறை, எங்கள் ஓவியர்களின் படங்களை மாடியில் மாட்டுங்கள் என்றும் ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு தனி ஓவியர் சொன்னால் அது ஒரு விண்ணப்பம்தான், திரும்பி வந்துவிடும். நானூறு குடும்பங்களின் சங்கம் சொன்னால் அதை அப்படித் திருப்பி அனுப்பிவிட முடியாது.

வரும் தை விழாவுக்குக் கோலம் போட வழக்கம்போல வருகிறேன். பலகைகளுக்குப் போன முறை அடித்த செங்காவி உரிகிறது, இரண்டு நாள் முன்னால் ஒரு கை அடித்து வையுங்கள். என்னோடு மூன்று கான்வாஸ்களும் வரும். பள்ளி மண்டபச் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்கள் என்று தெரியும், அதனால் மரத் தாங்கிகளையும் நானே கொண்டுவருகிறேன். ஸ்பான்சர் பேனரை இடம் மாற்றவும் வேண்டாம். வலது பக்கம், சாப்பாட்டு அறைக்குப் போகிற கதவருகே, வரிசையில் நிற்பவர்கள் பார்க்கிற மாதிரி ஒரு பன்னிரண்டு அடி இடம் இருக்கிறது. போன முறை நான் அளந்துவிட்டுத்தான் வந்தேன். “15–8” நடுவில் இருக்கட்டும். அதன் முன்னால், முடியாத பெரியவர்கள் உட்கார்ந்து பார்க்க, இரண்டு நாற்காலி மட்டும் போட்டுக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசலில் கோலம் போடும் ஓவியர்
லண்டன்